நாக்கு வெட்டும் பருவம்

பிப்ரவரி பிறந்தால் எங்கள் தீவுப் பிள்ளைகள்
பள்ளி விட்டதும் கத்தியோடு துறைக்கு ஓடுவார்கள்.
காட் மீன் தலைகள் அங்கே குவிந்து கிடக்கும்.
ஆணியில் குத்தி, ஒரே இழுப்பில் நாக்கை அறுத்துத்
தொட்டியில் போட வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று காசு.
ஈடுன் போன வருடம் மிதிவண்டி வாங்கினாள்.
அவளுக்குப் பத்து வயது.

என் மகன் ஷூருக்கும் பத்து வயதுதான்.
சன்னலுக்குள் நின்று
யார் எத்தனை வெட்டினார்கள் என்று எண்ணுவான்.
சன்னலைத் திறக்க மாட்டோம்.
மீன் வேகும் ஆவி பட்டாலே உதடு தடித்து
மூச்சு விசிலடிக்கத் தொடங்கிவிடும்.

நான் மீன் அறுத்துப் பிழைக்கிறவள்.
ஆலையிலேயே குளித்து, ஆலையிலேயே துணி மாற்றி,
நகக்கண்ணில் எலுமிச்சை தேய்த்து
வீட்டுக்கு வந்த பிறகும்
அவனைப் பின்னாலிருந்துதான் கட்டிக்கொள்வேன்.

போதோ மருத்துவமனையில் டாக்டர் ராங்ஃப்ரிட்
காகிதத்தில் ஒரு சங்கிலி வரைந்தாள்.
மீனின் புரதம்.
முழுதாக உள்ளே போனால், இவன் உடம்புக் காவலர்கள்
கொக்கி போட்டுப் பிடித்துக் கூப்பாடு போடுகிறார்கள்.
நொதியை விட்டு நறுக்கினால் சங்கிலி பொடிப்பொடியாகும்.
பெப்டைடு என்று பெயர்.
கொக்கி மாட்ட இடமிருக்காது.
ஆனால் குடல் பக்கம் சில பொறுமைசாலி அணுக்கள் உண்டு,
துண்டைப் பார்த்தே முழு ஆளையும் அறிந்துகொள்ளும்.
அவை மற்றவர்களிடம் சொல்லலாம்:
'விடுங்கப்பா, தெரிந்த முகம்தான்.'

சொல்லுமா, என்றேன்.
சொல்லலாம், என்றாள் மறுபடி.
அந்த 'லாம்' மேல் பேனாவை வைத்துத் தட்டினாள்.

எனக்கு நறுக்குவது புரியும்.
தலை வேறு, ஈரல் வேறு, சினை வேறு, பதினேழு வருடம்.
பகையையும் நறுக்கலாம்,
நறுக்க நறுக்க அது பழக்கமாகிவிடும் என்று
என் கத்தி எனக்குச் சொன்னதேயில்லை.

புட்டி எண் முப்பத்தொன்று.
பாதிப் புட்டிகளில் மருந்து, பாதியில் வெறும் கசப்பு நீர்.
எங்களுக்கு எது என்று எனக்கும் தெரியாது,
அவளுக்கும் தெரியாது.
காலையில் ஒரு கரண்டி.
காசைச் சப்பினது மாதிரி இருக்கு, என்பான் ஷூர்,
காசைச் சப்பி எத்தனையோ நாள் பழகியவன்போல.

பதினோராவது வாரம் காது அரித்தது.
அட்ரினலின் ஊசியை மேசையில் வைத்துக்கொண்டு
அடுப்புக் கடிகாரத்தைப் பார்த்தபடி
நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தோம்.
அரிப்பு போய்விட்டது.
மருந்தா, அவன் கம்பளிச் சட்டையா?

ஒரு வருடம் கழித்துச் சோதனை.
உருளைக்கிழங்கு மசியலுக்குள் மீனை ஒளித்து
ஏழு கிண்ணம், சின்னதிலிருந்து பெரியது.
முன்பு இரண்டாவதிலேயே சுருண்டு விழுந்தவன்.
மூன்று. பேசாமல் தின்றான்.
நான்கு. உப்பு கேட்டான்.
ஐந்தில் தாடையில் ஒரு தடிப்பு எழும்ப
நிறுத்திவிட்டார்கள்.

அந்த ஐந்தில் எவ்வளவு மீன், என்று கேட்டேன்.
உன் சுண்டுவிரல் நகத்தில் பாதி, என்றாள்.
நான் ஒரு நாளைக்கு அறுப்பது எத்தனை டன் என்று
அவளிடம் சொல்லவில்லை.
புட்டியின் ரகசியம் வசந்தத்துக்குப் பிறகுதான் உடையுமாம்.
உடம்பின் மனமாற்றமோ
வளர்கிற வயதோ, இப்போதைக்கு எழுத முடியாது, என்றாள்.
எழுதாத காகிதத்தை மடித்து வைத்தாள்.

திரும்பும் கப்பலில் அலை அதிகம்.
ஷூர் என் பக்கம் திரும்பித் தூங்கிப்போனான்,
மூக்கு என் கழுத்துக்குழியில்.
விலக்கக் கை எழுந்தது. எழுந்த கையை
அவன் தொப்பிமேல் வைத்துவிட்டு
மூச்சை எண்ணினேன்.
நூறு வரை விசில் இல்லை. அப்புறம் எண்ணவில்லை.

கரை தெரிந்தபோது எழுந்தான்.
கையுறை போட்டு, மூக்குக்கு முகமூடி கட்டி,
ஈடுனுக்குத் தலைகளை எடுத்துக் கொடுக்கலாமா, என்றான்.
பார்க்கலாம், என்றேன்.

சரி, கொடுத்தால்
கிலோவுக்கு எனக்கு எவ்வளவு?